ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் குழந்தை!

பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் கல்லூரி மாணவி, லீவு நாளில் அங்குள்ள அநாதை இல்லத்துக்குப் போகிறாள். முன்பின் தெரியாத 3 வயசுக் குழந்தை ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்கிறது. 'அடடா, என்ன பாசம்!' என்று உருகிப் போகிறாள்.

கொஞ்சம் பொறுங்கள்! யார் எவரென்று பாராமல் ஒட்டிக்கொள்வது, நிலையாகக் கவனிக்க ஓர் ஆள் இல்லாததன் அடையாளமாக இருக்கலாம்.

ருமேனியாவில் 1989-ல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தார்கள். தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. பின்னாளில் சார்லஸ் நெல்சன் குழுவினர் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய அறிவு வளர்ச்சி கூடியது. 2 வயசுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்!

அப்படியானால் மாணவி போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம். ஆனால், இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு டாட்டா காட்டினால், குழந்தைக்கு அது இன்னொரு பிரிவு.

* வாரந்தோறும் அதே நாள், அதே நேரம் போகட்டும்.

* பெரிய பிள்ளைகளுக்குப் பாடம், விளையாட்டு சொல்லித் தரட்டும்.

* ஊர் திரும்பும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

* கைக்குழந்தையை அங்குள்ள ஆயாவே தூக்கட்டும். அவர் மடிக்க வேண்டிய துணியை இவள் மடிக்கட்டும். அதுவும் சேவைதான்!