காருக்குள்ளே கச்சேரி!

புதுக் கார் வாங்கிய நண்பர்கள் என்னை ஏற்றிக்கொண்டு முதலில் காட்டுவது பாட்டு சிஸ்டத்தைத்தான். ‘சவுண்ட் எப்படி?’ என்பார்கள். அந்தக் கேள்வியே நமக்குக் காதில் விழாது!

நான் சொல்வது இதுதான்: வால்யூமைக் கடைசி வரை ஏற்றாதீங்க. பாட்டு கரகரத்தால் ஸ்பீக்கர் அழுகிறது என்று அர்த்தம். எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் கேட்டால் பாட்டரி படுத்துவிடும். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளியும் பிரயோஜனமில்லை.

ஸ்பீக்கர் போனால் கடையில் கிடைக்கும். காது? 85 டெசிபல் சத்தம் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு ‘நியோஷ்’. 100 டெசிபலில் 15 நிமிஷம்தான்! உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

பின்சீட்டுக்காரரோடு கத்தாமல் பேச முடிகிறதா? ஆம்புலன்ஸ் சைரன் கேட்கிறதா? அதுதான் சரியான வால்யூம்!