பிரிந்து போன ராஜ்யத்தின் காசு

பொன்மலையில் பொன் கிடையாது. பாறை இருக்கிறது. அந்தப் பாறை யாருக்கு என்று 1753-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக் கொண்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த ரயில்வே தொழிற்சாலை இருக்கிறது. அதை நம்பி 1928 முதல் எத்தனையோ குடும்பங்கள் உலை வைத்திருக்கின்றன. ஆனால் பெயரை நம்பி மண்வெட்டியைத் தூக்கிக் கொண்டு போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

புதையல் ஆசை உள்ளவர்கள் பொன்மலையிலிருந்து மூன்று திக்குகளைப் பார்க்க வேண்டும். மேற்கே கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலைச் சலித்துச் சலித்து ரோமாபுரிக் காசுகளை எடுத்திருக்கிறார்கள். தெற்கே புதுக்கோட்டைச் சீமை. 1898-ல் அங்கே கருக்காக்குறிச்சியில் 501 ரோமாபுரித் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் உளி வெட்டு! முகத்தை ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.

வடக்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டினால் சமயபுரம். மாரியம்மனைத் தரிசிக்கப் போகும் சகோதரிகளுக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். அதன் பழைய பெயர் கண்ணனூர்க் கொப்பம். அந்த ஊர் சம்பந்தப்பட்ட காசுகள் தங்கமல்ல. அழுக்கேறிய செப்புக் காசுகள். ஆனால் அவற்றில் உள்ள கதை தங்கத்துக்குக் கூடக் கிடையாது. அவை ஒரு பெரிய ராஜ்யத்திலிருந்து கோபித்துக் கொண்டு தனிக்குடித்தனம் போன ஒரு சின்ன ராஜ்யத்தின் காசுகள்!

தனிக்குடித்தனத்தின் முதல் வேலை

வீட்டில் தனிக்குடித்தனம் போகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? பால் காய்ச்சுவார்கள். ராஜ்யத்தில் பிரிந்து போகிறவர்கள் காசு அடிப்பார்கள். டில்லி சுல்தான்கள் காலத்தில் ஒருவன் தன்னைச் சுதந்தர மன்னன் என்று சொல்லிக் கொள்ள இரண்டு அடையாளங்கள் வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கத்தில் அவன் பெயர் வர வேண்டும், அது குத்பா. நாணயத்தில் அவன் பெயர் வர வேண்டும்; அது சிக்கா. பிரசங்கம் காற்றோடு போய்விடும். காசு மட்டும் மண்ணுக்குள் போய், அறுநூறு வருஷம் கழித்து வெளியே வந்து சாட்சி சொல்லும்.

உலகமெங்கும் நாணயம் சேகரிக்கிறவர்களுக்குப் பிரிந்து போன ராஜ்யங்களின் காசு என்றால் தனி மோகம். ரோமாபுரியையே எடுத்துக் கொள்ளுங்கள். கி.பி. 260-ல் வலேரியன் என்ற சக்கரவர்த்தி பாரசீகர்களிடம் சிறைப்பட்டார். சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது. ரைன் நதிக்கரையில் காவல் காத்த போஸ்டுமஸ் என்ற சேனாபதி, “இனி நானே சக்கரவர்த்தி” என்று கிளம்பினார். இன்றைய பிரான்ஸும், பிரிட்டனும், சில காலம் ஸ்பெயினும் அவர் பக்கம் வந்தன. அந்தத் தனி ராஜ்யம் 274 வரையில் நீடித்தது.

அந்த வரிசையில் மாரியஸ் என்று ஒருவர். முன்னே கொல்லுலையில் சம்மட்டி அடித்தவர் என்பார்கள். அவர் இரண்டு மூன்று நாள்தான் ஆண்டார் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதி வைத்தார்கள். ஆனால் அவர் பெயரில் கிடைக்கும் காசுகளோ ஏராளம். மூன்று நாளில் அவ்வளவு காசு அடிக்க முடியுமா? முடியாது. எழுதினவர்கள் அளந்துவிட்டார்கள், காசு திருத்திவிட்டது.

இன்னொருவர் டொமிஷியானஸ். அவர் பெயரும் உருவமும் உள்ள காசு ஒன்று 1900-ல் பிரான்ஸில் அகப்பட்டது. “இப்படி ஒரு சக்கரவர்த்தி ஆண்டதே இல்லை. இது போலி” என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 2003-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஒரு பானையில் ஏறக்குறைய ஐயாயிரம் காசுகள் கிடைத்தன. அவற்றில் அதே டொமிஷியானஸ்! இரண்டு காசும் ஒரே அச்சில் அடித்தவை. ஒரு நூற்றாண்டு காலம் போலி என்று பழி சுமந்தவர் ஒரு காசினால் சக்கரவர்த்தியானார்.

இந்தக் கதையில் பெண்களும் இல்லாமல் இல்லை. விக்டோரினஸ் என்ற மன்னர் கொலையுண்டபோது, அவருடைய தாயார் விக்டோரியா பணத்தை இறைத்துச் சேனையைத் தம் பக்கம் இழுத்து, அடுத்த சக்கரவர்த்தியைத் தாமே உட்கார வைத்தாராம். அதே காலத்தில் கிழக்கே பாலைவன நகரமான பல்மைராவில் செனோபியா ராணி மகனை முன் நிறுத்தி எகிப்து வரையில் ஆண்டாள். முதலில் வந்த காசில் ஒரு பக்கம் ரோமாபுரிச் சக்கரவர்த்தி, மறுபக்கம் மகன். கடைசியில் வந்த காசில் ராணியே! காசை வரிசையாக அடுக்கினால் அவள் துணிச்சல் எப்படிப் படிப்படியாக ஏறியது என்பது தெரிந்துவிடும்.

மதுரையில் ஒரு கலகம்

நம் கதைக்கு வருவோம். 1323-ல் டில்லிப் படை தெற்கே வந்தது. அந்தப் படையெடுப்பில்தான் ஸ்ரீரங்கத்தில் மூலவர் சந்நிதியை மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, உற்சவரான அழகிய மணவாளரை எடுத்துக் கொண்டு அடியார்கள் ஊர் ஊராக அலைந்தார்கள் என்று கோயில் வரலாறு சொல்லுகிறது. மதுரை டில்லிக்கு அடங்கிய மாகாணமாயிற்று.

அங்கே அதிகாரியாக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335 வாக்கில் டில்லியை உதறினார். அஹ்ஸன் ஷா என்று தம் பெயரிலேயே காசு அடித்தார். முகம்மது பின் துக்ளக் படை திரட்டிக் கொண்டு கிளம்பினார். வாரங்கல் வந்ததும் சேனைக்குள் கொள்ளை நோய் புகுந்தது. துக்ளக் திரும்பிப் போனார். மதுரை தப்பியது.

அஹ்ஸன் ஷாவுக்கு ஒரு மகள். அவளை டில்லியில் மணந்து கொண்டவர் வேறு யாருமல்ல, உலகம் சுற்றிய மொராக்கோ யாத்திரீகர் இபின் பதூதாதான்! கப்பல் சேதமாகி அவர் நம் கரையில் ஒதுங்கியபோது மதுரையில் ஆண்டு கொண்டிருந்தவர் கியாஸுத்தீன். அவருடைய மனைவி இபின் பதூதாவின் மனைவிக்குச் சகோதரி. ஆகவே யாத்திரீகர் சகலர் வீட்டுக்கு வந்த விருந்தாளி! ஆனால் அவர் சகலரைப் புகழ்ந்து எழுதவில்லை. அங்கே கண்ட கொடுமைகளை அருவருப்போடு எழுதியிருக்கிறார்.

நடுவில் நடந்தவற்றையும் அவரே சொல்லுகிறார். அஹ்ஸன் ஷாவைக் கொன்றார்கள். அடுத்து வந்தவர் போர்க்களத்தில் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றினார். எங்கிருந்தோ வந்த அம்பு அவரை முடித்தது. அடுத்தவர் குத்புத்தீன். அவருக்கு நாற்பது நாள் ராஜ்யம். அந்த நாற்பது நாள் ராஜாவின் பெயரிலும் காசு உண்டு!

பிறகு வந்த கியாஸுத்தீன் காலத்தில்தான் கண்ணனூர்ப் போர். ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளர் எண்பது வயதுக் கிழவர். அவர் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். அந்த ஊர் ஒரு காலத்தில் அவர் முன்னோர்களின் தென்னாட்டுத் தலைநகரம். போஜீசுவரர் கோயில் என்று இன்று வழங்கும் அங்குள்ள சிவன் கோயில் அவர்கள் கட்டியதுதான். உள்ளே இருந்தவர்கள், சுல்தானைக் கேட்டுப் பதில் சொல்லப் பதினான்கு நாள் தவணை கேட்டார்கள். வல்லாளர் நம்பித் தவணை கொடுத்தார். அந்தத் தவணைக்குள் மதுரைப் படை பாய்ந்தது. கிழவர் பிடிபட்டு மாண்டார். 1342-43-ல் நடந்தது இது.

இதை இரண்டு மதங்களின் சண்டை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வல்லாளர் சேனையில் இருபதினாயிரம் முஸ்லிம் வீரர்கள் இருந்ததாக இபின் பதூதாவே எழுதுகிறார்.

காசு சொன்ன சாட்சி

பிற்பாடு விஜயநகரத்துக் குமார கம்பணர் தெற்கே வந்தார். அவருடைய வெற்றியை ஸம்ஸ்கிருதத்தில் ‘மதுரா விஜயம்’ என்று காவியமாகப் பாடியவள் அவருடைய மனைவி கங்காதேவி. பல நூற்றாண்டு மறைந்து கிடந்த அந்தச் சுவடி 1916-ல் திருவனந்தபுரத்தில் அகப்பட்டது. செஞ்சியிலிருந்து நம்பெருமாளைக் கோபணார்யர் ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பி எழுந்தருளப் பண்ணியது 1371-ல் என்று கோயில் கல்வெட்டிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் மதுரை சுல்தான்களின் கதை அதோடு தீர்ந்ததா? இங்கேதான் செப்புக் காசு வாய் திறக்கிறது. இந்தக் காசுகளில் உருவம் கிடையாது. அரபு எழுத்தில் மன்னன் பெயரும் பட்டமும், பலவற்றில் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். கடைசி சுல்தான் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் காசில் ஹிஜ்ரி 779 என்று இருக்கிறது. அதாவது 1377-78. நம்பெருமாள் திரும்பி ஆறேழு வருஷத்துக்குப் பிறகும் ஒரு சுல்தான் காசு அடித்துக் கொண்டிருந்தார்! கங்காதேவி பாடியது பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. வெற்றி ஒரே நாளில் முடிந்துவிடவில்லை என்றுதான் அர்த்தம். காவியத்துக்கு ஒரே வாள் வீச்சு போதும். நிஜமான யுத்தங்கள் இழுத்துக் கொண்டே போகும்.

இன்னொரு புதிரும் உண்டு. ஹிஜ்ரி 745-க்கும் 757-க்கும் நடுவே, பன்னிரண்டு வருஷக் காசுகள் அறிஞர்களுக்கு அகப்படவில்லை. அந்த இடைவெளியில் ஆண்டது யார்? ஒரு வீட்டுப் பரணில், ஒரு பழைய பித்தளைச் செம்பில், அதற்கு விடை இருந்தாலும் இருக்கலாம்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

ஆகையால் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டியின் சுருக்குப் பையிலோ, அஞ்சறைப் பெட்டியிலோ பழைய செப்புக் காசு அகப்பட்டால், உடனே குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காசின் மேல் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருப்பது வெறும் அழுக்கல்ல. செம்பும் காற்றும் மண்ணும் சேர்ந்து பல காலம் நெய்த போர்வை அது. புளியின் அமிலம் போர்வையோடு எழுத்தையும் தின்றுவிடும். காசு பளபளவென்று இருக்கும், ராஜா போய்விடுவார். மெல்லிய துணியால் மண்ணைத் துடைத்தால் போதும்.

பழைய செம்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எடைக்கு வரும் பணம் ஒரு வேளைக் காய்கறிக்குக் கூடக் காணாது. உருக்கிய காசை மறுபடி உண்டாக்க ஒருவராலும் முடியாது.

ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். மட்டமான பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது நாளடைவில் கசிந்து காசை அரித்துவிடும். உறையின் மேல் எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, எடை என்ன என்று எழுதுங்கள். ‘தாத்தாவின் ஊர் இன்னது’ என்ற ஒரு வரி கூட உபயோகப்படும். ஊர் தெரியாத காசு விலாசம் இல்லாத கடிதம்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை. கோயில் வாசலில், “புராதனப் பொற்காசு, உங்களுக்காக மலிவு” என்று யாராவது காதோடு சொன்னால் நடையைக் கட்டுங்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய காசுகளில் பெரும்பாலானவை சுத்தியலால் அச்சடித்தவை. மேலெல்லாம் ஊசி முனைக் குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும் தெரிந்தால், நேற்று வார்த்த சரக்கு என்று சந்தேகியுங்கள்.

சட்டத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழங்காசைத் தனி மனிதர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது 1972-ஆம் வருஷச் சட்டம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு ஊறுகாயோடு பழங்காசையும் கட்டி அனுப்பிவிடாதீர்கள்!

குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தால் சென்னை எழும்பூர் மியூஸியத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே உள்ள நாணயச் சேகரம் பெரியது. ரோமாபுரிக் காசுகளும் இருக்கின்றன. திரும்பி வந்ததும் சமயபுரத்துக்கு ஒரு நடை போய், போஜீசுவரர் கோயிலில் நின்று, “தவணை கேட்டு ஏமாற்றிய இடம் இதுதான்” என்று சொல்லுங்கள். சரித்திரப் புத்தகம் பத்து நாளில் புகட்டாததைக் குழந்தை பத்து நிமிஷத்தில் கற்றுக் கொள்ளும்.

பெரிய சாம்ராஜ்யங்கள் தங்கள் பெருமையைக் கோபுரத்திலும் கல்வெட்டிலும் எழுதி வைத்துவிட்டுப் போயின. தோற்றவர்களுக்கும், நாற்பது நாள் ஆண்டவர்களுக்கும் அதற்கெல்லாம் அவகாசம் இருக்கவில்லை. விரல் நுனி அகலத்துக்கு ஒரு செப்புக் காசுதான் மிச்சம். அதையாவது தேய்க்காமல் வைத்திருப்போமே!