குரற்பதிவுக் களஞ்சியமும் அடுக்குச் சேமிப்பும்

தோட்டப்புறத் தமிழ்ப் பேச்சைப் பதிந்து காப்போர் இன்று வலைப்பின்னல் சேமிப்பகத்தை நாடுகின்றனர். பல வட்டுகளை ஒரு பெட்டியில் பொருத்தி, அலுவலகக் கணினிகள் அனைத்தும் அணுகுமாறு செய்யும் கருவி அது. அவ்வட்டுகளை இணைத்து ஒன்றாகக் காட்டும் ஏற்பாட்டைச் சேமிப்புக் குளம் என்கிறோம். நேர்ப்பெயர்ப்பே எனினும் பொருத்தமானது. குளத்தில் கலந்த நீரை வாய்க்கால்வாரியாகப் பிரிக்க இயலாது. ஒரு கரை உடைந்தால் குளம் முழுதும் வடியும்.

அடுக்குக் குளத்தில் விரைவான எஸ்எஸ்டி மேலடுக்கு, வன்தட்டு கீழடுக்கு. அடிக்கடி வேண்டப்படும் தரவுப் பகுதிகளைக் கருவி தானே மேலேற்றும், வேண்டப்படாதவற்றைக் கீழிறக்கும். கேஷ் என்னும் இடைத்தேக்கத்தில் நகல் மட்டுமே மேலே இருக்கும். இங்கோ மூலமே இடம்பெயர்கிறது. ஆகவே மேலடுக்கு முற்றிலும் பழுதானால் குளமே அழியும்.

இம்முறையின் அடிப்படை மொழியியலார்க்குப் புதிதன்று. சில சொற்களே மிகப் பலமுறை வரும், பெரும்பாலானவை அரிதாகவே வரும் என்பது ஜிப்ஃப் விதி. கோப்புகளின் பயன்பாடும் பெரும்பாலும் அவ்வாறே. ஆனால், அரிதாக வரும் சொல்லைத்தானே நாம் தேடிப் பதிகிறோம்!

கணக்கைப் பார்ப்போம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டு அளவில் இருதட ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் பிடிக்கும். யுடிஎஃப்-8 முறையில் 'மொழி' என்னும் சொல்லுக்கு 12 பைட் ஆகும். அவ்வாறிருந்தும் ஒரு மணி நேரப் பேச்சின் எழுத்துவடிவம் ஒரு மெகாபைட்டை எட்டாது. 1 ஜிகாபிட் வலைப்பின்னல் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. நீண்ட ஒலிக்கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கையில் வன்தட்டுகளே அவ்வேகத்தை எட்டிவிடும், எஸ்எஸ்டியால் பயனில்லை. தேடல் அகரவரிசையின் நிலை வேறு. அங்கே ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கவேண்டும். நிமிடத்திற்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டு ஒருமுறை சுற்றவே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகும்.

ஆதலால் தானியங்கி அடுக்கை விடுத்து, இரு தனிக் குளங்களை அமைப்பதே நம் பரிந்துரை. இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டு 1 முறையில் இணைத்து, எழுத்துவடிவங்களையும் தேடல் அகரவரிசையையும் அதில் வைக்கலாம். நான்கு 8 டெராபைட் வன்தட்டுகளை ரெய்டு 6 முறையில் இணைத்தால் 16 டெராபைட் கிடைக்கும். எவ்விரண்டு பழுதானாலும் பதிவுகள் பிழைக்கும். எழுத்துவடிவங்களின் படியொன்று நாள்தோறும் வன்தட்டுக் குளத்திற்கும் செல்லட்டும். எஸ்எஸ்டிக் குளம் அழிந்தால் அகரவரிசையை அப்படியிலிருந்து மீண்டும் உருவாக்கலாம். மறைந்துவிட்ட பாட்டியிடம் மீண்டும் ஒலிவாங்கியை நீட்ட முடியாது.

அடுக்குக் குளமாக முதலிலேயே அமைத்துவிட்டால் பின்னர்ப் பிரிப்பது எளிதன்று; தரவு முழுவதையும் வெளியே எடுத்து, புதிதாக அமைக்க நேரலாம். எனவே வட்டு வாங்குமுன் இதனை முடிவுசெய்க.

ரெய்டு காப்புநகல் ஆகாது. தவறி அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலும் அழியும். வேறொரு கட்டடத்தில் இன்னொரு படி வேண்டும். அதிலிருந்து சில பதிவுகளை அவ்வப்போது திறந்து கேட்டுப் பார்க்கவும் வேண்டும்.