சினிமாப் பாட்டு இல்லாத ஐந்து ராத்திரி

திருவனந்தபுரத்தில் பழவங்காடி என்றாலே தேங்காய் சிதறும் சத்தம்தான். கணபதி கோயில் ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கிறது. காலையிலிருந்தே வேண்டுதல்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உடைத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளிச் சாலைக் கடைவீதி. அங்கே பல கடைகளில் தமிழிலேயே விலை பேசலாம். கிழக்கே கோட்டையில் கோவளம் பஸ் ஏறினால், திருவல்லம் தாண்டி வெள்ளார் என்ற ஊர் வரும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

அந்த வெள்ளாரில் உள்ள கேரள கலை, கைவினைக் கிராமத்தில் 2022 நவம்பர் 9 முதல் 13 வரை சர்வதேச இண்டி இசை விழா நடந்தது. ஐந்து ராத்திரி ராக், மெட்டல், ரெகே, ப்ளூஸ். சினிமாப் பாட்டு கிடையாது. தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, தாங்களே வாசிக்கும் பாட்டுகள் மட்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ப்ளூஸ் கிதார்காரர் வில் ஜான்ஸ், தாய் வழியில் எரிக் கிளாப்டனுக்கு உறவுக்காரர். அவருடைய அப்பா ஆண்டி ஜான்ஸ், லெட் ஸெப்பெலினின் இசைத்தட்டுகளை ஒலிப்பதிவு செய்தவர். பப்புவா நியூ கினியிலிருந்து ரெகே பாடகர் ஆன்ஸ்லம் நகிகஸ். கேரளத்திலிருந்து தைக்குடம் பிரிட்ஜ், ஊராளி போன்ற அணிகள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இடத்தை நடத்துபவர்கள் யார் என்பது. கேரளச் சுற்றுலாத் துறைக்குச் சொந்தமான இந்தக் கிராமத்தைச் சீரமைத்து நடத்துவது ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் தூண்டுதலில் 1925-ல் வடகரைப் பக்கத்துக் கூலித் தொழிலாளிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. ரோடு போடுவதும் பாலம் கட்டுவதும்தான் அவர்களுடைய தொழில். டிஸ்டார்ஷன் கிதாருக்கு மேடை போட்டுக் கொடுத்ததும் அவர்களே. பீர் கம்பெனியோ செல்போன் கம்பெனியோ பணம் போட்டால்தான் ராக் விழா நடக்கும் என்று நம்பியிருக்கும் ஊர்களுக்கு இது ஒரு செய்தி.

விழா நடந்த நேரமும் சாதாரணமானதல்ல. அப்போது 'காந்தாரா' என்ற கன்னடப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வரும் 'வராஹ ரூபம்' தங்கள் 'நவரசம்' பாட்டைப் போலவே இருக்கிறது என்று அக்டோபர் மாதம் தைக்குடம் பிரிட்ஜ் பகிரங்கமாகக் குற்றம்சாட்டி நீதிமன்றம் போனது. படத் தரப்பு மறுத்தது. ஒரே ராகங்களில் அமைந்ததால் வந்த சாயல், நகல் இல்லை என்றது. அக்டோபர் கடைசியில் கோழிக்கோடு மாவட்ட நீதிமன்றம், அணியின் அனுமதி இல்லாமல் பாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. பிறகு அதிகார வரம்பு, மேல்முறையீடு என்று வழக்கு பல படிகள் ஏறி இறங்கியது. முடிவு எப்படியும் இருக்கட்டும். நாடு முழுக்க வசூலை அள்ளிய படத்துக்கு எதிரே ஒரு ராக் அணி நின்று 'இது எங்கள் பாட்டு' என்று சொன்னது, இந்தியாவில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. சொந்தப் பாட்டு என்பது வெறும் பெருமை இல்லை, சொத்து என்று ஊர் பேச ஆரம்பித்திருந்த வாரத்தில்தான் வெள்ளாரில் மேடை எழும்பியது.

ஆனால் இதே அணி எப்படிப் புகழ்பெற்றது? 2013-ல் மாத்ருபூமி குழுமம் தொடங்கிய கப்பா டிவியில், 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சியில், பழைய சினிமாப் பாடல்களைக் கோத்துப் பாடித்தான். தமிழ்ப் பாட்டுகளும் அந்தக் கோவையில் இருந்தன. கூட்டம் அதற்குத்தான் முதலில் மயங்கியது. அந்த அணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோவிந்த் வசந்தாவை நமக்கு '96' படத்தின் இசையமைப்பாளராகத் தெரியும். 'மஞ்சும்மெல் பாய்ஸ்' பார்த்துக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறிய தமிழ்க் கூட்டத்தில் எத்தனை பேருக்கு, அதன் இசையமைப்பாளர் சுஷின் ஷியாம் 'தி டவுன் ட்ராடன்ஸ்' என்ற மெட்டல் அணியில் கீபோர்டு வாசித்தவர் என்று தெரியும்? அவியல் அணி 2008-ல் மலையாளத்திலேயே முழு ராக் ஆல்பம் போட்டுக் காட்டியது. அதற்கு முன்பு கேரளத்து ராக் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடியது. கொச்சியின் 13 ஏடி எழுபதுகளிலிருந்தே அப்படித்தான். அவியலின் ரெக்ஸ் விஜயனும் பிறகு சினிமாவுக்கே போனார். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வாடகையைச் சினிமாதான் கொடுக்கிறது.

சென்னையும் இதில் வேறு கதை இல்லை. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்து சினிமாவுக்கு வெளியே ஒரு கூட்டத்தைத் திரட்டின. அந்த மேடைக்கும் பின்பலமாக நின்றவர் சினிமா இயக்குநர் பா.ரஞ்சித்தான்.

மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இண்டி விழா என்பது பெரும்பாலும் அவசரம். ஒரே ராத்திரியில் ஒன்றன்பின் ஒன்றாக அணிகள். ட்ரம்ஸ் செட்டும் ஆம்ப்ளிஃபையர்களும் எல்லோருக்கும் பொது. ஆனால் ட்ரம்மர் ஸ்நேர், சிம்பல், மிதி பெடல் மூன்றையும் சொந்தமாகத் தூக்கி வருவார்; ஒருவர் கழற்ற, அடுத்தவர் மாட்ட, இடையில் கால் மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிதார்காரர் குனிந்து பெடல்போர்டின் ஒவ்வொரு ஒயரையும் அமுக்கிப் பார்க்கிறார். மைக்கில் "செக், செக்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல நேரமில்லை. பாடுபவர் விரலை மேலே காட்டினால் மானிட்டரில் தன் குரலைக் கூட்டச் சொல்கிறார் என்று அர்த்தம். கோவளத்தில் கூடவே கடல் காற்று. உப்பும் ஈரமும் பட்டால் எஃகுத் தந்தி சீக்கிரம் துருவேறும், சுருதி நிற்காது. வெளியூர்க்காரர்கள் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை முறுக்காணியைத் திருகுவார்கள். உள்ளூர்க்காரர்கள் கையில் மாற்றுத் தந்தியும் துடைக்கத் துணியும் இருக்கும். இதற்கு மேல் பத்து மணி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கென்று வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள் அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம். முதல் அணி அரை மணி தாமதமானால் கடைசி அணியின் பாட்டுதான் வெட்டுப்படும்.

திருவனந்தபுரத்துக்கு நேரத்துக்கு வாசிக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. பழவங்காடியிலிருந்து கோட்டை வாசலுக்குள் நுழைந்து சில நிமிஷம் நடந்தால் நவராத்திரி மண்டபம். ஒன்பது சாயங்காலமும் கச்சேரி உண்டு. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, கடைசி நாள் ஆரபி என்று ராகமே முன்கூட்டித் தீர்மானம். சுவாதித் திருநாள் கிருதிதான் பிரதானம். கைதட்டக் கூடாது. நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாக வந்து கொலுவிருக்க, அவள் கேட்பதற்காகப் பாடுவதாக ஐதீகம். 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண்கள் அங்கே கச்சேரி செய்ததில்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்ட எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எந்த ராக் அணியும் அந்த மண்டபத்தைப் பார்த்துப் பொறாமைப்படும். நாளும் மேடையும் கேட்பவர்களும் வருஷா வருஷம் நிச்சயம். ஸ்பான்சர் கிடைத்தாரா என்று யாரும் கவலைப்படுவதில்லை.

இண்டி அணிக்கு அந்த நிச்சயம்தான் இல்லை. ஐந்து நாள் விழா ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆறாம் நாள் சனிக்கிழமையானாலும் புதன்கிழமையானாலும் வாசிக்க இருநூறு பேர் உட்காரும் அறை வேண்டும், டிக்கெட் காசில் பங்கு வேண்டும், உள்ளேயே ஒரு நல்ல சவுண்ட் செட் வேண்டும். இந்த ஊரில் பெரிய அரங்குகளுக்குப் பஞ்சமில்லை. தாகூர் தியேட்டர் இருக்கிறது, கனகக்குன்றில் நிசாகந்தி இருக்கிறது. டிசம்பர் சினிமா விழா நாட்களில் தாகூர் வளாகத்தில் சாயங்காலம் பாட்டும் கேட்கலாம். புதிதாக நாலு பாட்டு எழுதி வைத்திருக்கும் கல்லூரிப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அந்த வாடகை கட்டாது. அவர்கள் போவது மியூசியம் பக்கத்து மானவீயம் வீதிக்கு. மரத்தடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், ஒரு கஹோன் பெட்டி, சுற்றி நின்று கேட்கும் முப்பது நாற்பது பேர். சில சமயம் அடிதடி என்று செய்தி வரும், போலீஸ் கெடுபிடி கூடும், நேரம் குறையும். அடுத்த வாரம் யாராவது மறுபடி ஒயரைப் பிரித்துச் செருகுவார்கள்.