பெரிய ஏரோபாட்டிக் ஆர்சி விமானத்துக்கு எலெக்ட்ரிக் பவர்: ப்ரொப்பெல்லரில் தொடங்கும் கணக்கு

பெரிய ரேடியோ கன்ட்ரோல் ஏரோபாட்டிக் விமானத்தை எலெக்ட்ரிக்கில் பறக்கவிடணும்னு முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது "எந்த மோட்டார் வாங்கலாம்?" அடுத்தது "எத்தனை வாட்?" இரண்டுமே பாதி தூரம் வந்த பிறகு கேட்க வேண்டியவை என்பது என் கருத்து. காற்றைத் தள்ளுவது ப்ரொப்பெல்லர். அங்கே தொடங்கி, மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, பேட்டரி என்று பின்னோக்கி வந்தால் வாங்க வேண்டியது ஒவ்வொன்றும் தானாகவே முடிவாகிவிடும். சின்ன ஃபோம் விமானத்தில் தேர்வு தவறினால் கொஞ்சம் பணம் போகும், அவ்ளோதான். இந்த அளவில் ஈஎஸ்சி நடுவானில் எரிந்தால் ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று கீழே வருகிறது. யார் தலைமேல் என்று சொல்ல முடியாது.

உதாரணத்துக்கு இறக்கை 2.2 மீட்டர், பேட்டரியோடு சேர்த்து 7.5 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல்காரர்கள் 50 சிசி வகுப்பு என்று சொல்வது இதைத்தான். வட்டம், ரோல் என்று சுத்தமாகக் கோடு போட்டுப் பறக்க எடையைப் போல ஒன்றரை மடங்கு உந்துவிசை போதும். மூக்கை மேலே வைத்து அப்படியே தொங்கி நின்று, அங்கிருந்து கிளம்பும் 3டி வித்தைகளுக்கு இரண்டு மடங்கு வேண்டும். ஆக, 15 கிலோ உந்துவிசை. நியூட்டனில் சுமார் 147.

இதற்கு எவ்வளவு திறன் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. உந்துவிசையின் ஒன்றரை அடுக்கை எடுத்து, 2 × காற்றின் அடர்த்தி × ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்தின் பரப்பு, இதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 23 அங்குல ப்ரொப்பெல்லருக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 2,220 வாட் வருகிறது. அதே 15 கிலோவை 18 அங்குலத்தில் எடுக்கப் பார்த்தால் சுமார் 2,840 வாட். அதே வேலைக்கு 28 சதவீதம் கூடுதல்! நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட மலிவு. அதனால் தரையில் இடிக்காத அளவுக்கு எவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லர் போட முடியுமோ அதுதான் முதல் தேர்வு. இந்த விமானத்தில் 22 முதல் 24 அங்குலம் வரை பொருந்தும்.

சூத்திரம் சொல்வது இலட்சிய நிலை. நிஜ ப்ரொப்பெல்லர் நின்ற இடத்தில் சுழலும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு திறமையோடு வேலை செய்தால் நல்லது. அப்படியானால் மோட்டாரின் அச்சில் சுமார் 3,300 வாட். மோட்டாரும் ஈஎஸ்சியும் சேர்ந்து 85 சதவீதம் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 4,000 வாட். "எத்தனை வாட்?" என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைக்கிறது.

பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்கு. 23க்கு 10 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுழன்றால் மணிக்கு சுமார் 99 கிலோமீட்டர் வருகிறது. 3டிக்கு இது தாராளம். கோடு போட்டுப் பறப்பவர்களுக்கு 12, 13 பிட்ச் சரி.

அந்த 6,500 சுற்றைப் பேட்டரியிலிருந்து எப்படி எடுப்பது என்பதில்தான் வோல்டேஜும் கேவியும் வருகின்றன. கேவி என்றால் சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 12 செல் லிப்போ முழு சார்ஜில் 50.4 வோல்ட் காட்டினாலும், சுமையில் செல்லுக்கு 3.5 என்று வைத்து 42 வோல்ட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சுமையேறிய மோட்டார் தன் கேவி கணக்கில் 80 சதவீதம் அளவுக்குத்தான் சுழலும் என்பது அனுபவக் கணக்கு. 6,500 வேண்டுமென்றால் 42 × 0.8 ஆல் வகுக்க, 193 வருகிறது. கடையில் 190, 195 என்று கிடைப்பவை நமக்கானவை. "230 கேவி போட்டா இன்னும் பவர் வருமே?" வரும். ஆனால் திறன் சுற்றின் மூன்றாம் அடுக்கில் ஏறும். சுற்று 18 சதவீதம் கூடினால் திறன் 64 சதவீதம் கூட வேண்டும். வோல்டேஜ் தொய்வைக் கழித்தாலும், ஆம்ப்பியர் எக்கச்சக்கமாக ஏறி எதையாவது எரிக்கும். அதேபோல ப்ரொப்பெல்லரை ஒரே ஒரு அங்குலம் பெரிதாக்கினாலும் அதே சுற்றில் சுமார் 20 சதவீதம் கூடுதல் திறனை அது உறிஞ்சும். அதனால் கேவி கூடினால் ப்ரொப்பெல்லர் சிறிதாக வேண்டும். அப்புறம் மேலே சொன்ன 28 சதவீதக் கதைதான்.

ஏன் 12 செல்? 42 வோல்ட்டில் 4,000 வாட் என்றால் 95 ஆம்ப்பியர். ஆறு செல்லில் அதுவே 190. வயரிலும் கனெக்டரிலும் சேர்த்து வெறும் 2 மில்லி ஓம் தடை இருந்தால்கூட, 95 ஆம்ப்பியரில் 18 வாட் வெப்பம், 190இல் 72 வாட். இங்கே பலர் ஒரு படி தாண்டி, "வோல்டேஜ் கூடினால் மோட்டாரின் எஃபிஷியன்சியும் கூடும்" என்பார்கள். அது சரியல்ல. குறைந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி தடிமனான கம்பியில், குறைந்த சுற்றுகளோடு அதே மோட்டாரைச் சுற்றினால் அதன் தடையும் நாலில் ஒன்றாகிவிடும்; தாமிர இழப்பு அதேதான். லாபம் வயரிலும் கனெக்டரிலும் ஈஎஸ்சியிலும்தான். எஃப்3ஏ போட்டி விதிகள் பேட்டரிக்கு 42.56 வோல்ட் வரம்பு வைத்ததால் அவர்கள் பத்து செல்லில் நிற்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மோட்டார் லேபிளில் உள்ள "அதிகபட்ச வாட்" எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. எடையைப் பாருங்கள். தாமிரமும் இரும்பும் காந்தமும்தான் வெப்பத்தைத் தாங்குகின்றன. 4,000 வாட்டைச் சில விநாடிகள் தாங்க 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை எடையுள்ள அவுட்ரன்னர் வேண்டும். 500 கிராம் மோட்டார் அதே எண்ணைச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பேட்டரியில் இதே கதை 'சி' எண்ணில். 5,000 மில்லி ஆம்ப்பியர் பேட்டரியில் 95 ஆம்ப்பியர் என்பது 19சி. லேபிளில் 70சி இருக்கும். முக்கியமானது உள்தடை. செல்லுக்கு 2 மில்லி ஓம் என்றால் 12 செல்லுக்கு 24. 95 ஆம்ப்பியரில் 2.3 வோல்ட் தொய்வு, 217 வாட் வெப்பம் பேட்டரிக்குள்ளேயே. மோட்டார், ஈஎஸ்சி இழப்பு 600 வாட்டையும் சேர்த்தால், முழு த்ராட்டிலில் மூக்குப் பகுதிக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. காற்று உள்ளே வரும் வழியைவிட வெளியே போகும் வழி பெரிதாக இருக்கணும். வெயிலில் பேட்டரி 38 டிகிரியில் தொடங்கினால், 60ஐ எட்ட அதிக நேரம் ஆகாது.

பெரிய பேட்டரி போட்டால் அதிக நேரம் பறக்கலாமே என்று தோன்றும். 12 செல், 5,000 பேட்டரியே ஒன்றரை கிலோ, அதாவது விமானத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. விரலுக்கேற்ற வீக்கம்தான் நல்லது. 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 4 ஆம்ப்பியர்-மணி. சராசரி 40 ஆம்ப்பியரில் ஆறு நிமிடம். ஏரோபாட்டிக் பறப்புக்கு அது போதும், கையும் கண்ணும் அதற்குள் களைத்துவிடும்.

ஈஎஸ்சி 95க்கு 100 என்று இழுத்துப் பிடிக்காமல் 150 ஆம்ப்பியர் வாங்குவது நல்லது. பேட்டரி பக்க வயரை நீட்டாதீர்கள். வோல்டேஜ் துள்ளி ஈஎஸ்சியின் கெப்பாசிட்டர்களைக் கொல்லும். நீட்டித்தான் ஆகணும்னா மோட்டார் பக்க மூன்று வயரை நீட்டுங்கள். 50 வோல்ட்டைச் செருகும்போது வரும் தீப்பொறிக்கு உள்ளே தடை வைத்த கனெக்டர் உண்டு. ரிசீவருக்கும் செர்வோவுக்கும் தனி பேட்டரி. இவ்வளவும் வாங்கிவிட்டு அதில் மிச்சம் பிடிப்பது யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது மாதிரி. மோட்டார் செத்தாலும் கட்டுப்பாடு இருந்தால் விமானத்தை இறக்கிவிடலாம்.

இன்னொன்று. பெட்ரோல் எஞ்சினின் ப்ரொப்பெல்லரில் ஏதாவது மாட்டினால் பெரும்பாலும் எஞ்சின் அணைந்துவிடும். எலெக்ட்ரிக் மோட்டார் அணையாது, தடுக்கத் தடுக்க இன்னும் முறுக்கும். பேட்டரி செருகியிருக்கும் வரை அது உயிரோடு இருப்பதாகவே நினைக்கணும். வெளியிலிருந்து பிடுங்கக்கூடிய ஒரு பாதுகாப்பு ப்ளக் வையுங்கள். விமானம் பறக்கும் இடத்துக்குப் போன பிறகுதான் அதைச் செருகணும்.

எல்லாம் பொருத்திய பிறகு முதலில் 22 அங்குலம். வால் பக்கத்தைக் கட்டிவிட்டு, ஆள் யாரும் ப்ரொப்பெல்லரின் தளத்தில் நிற்காமல், வாட்மீட்டரோடு முழு த்ராட்டிலில் ஐந்து விநாடி. 95 ஆம்ப்பியருக்குக் கீழே இருந்தால் 23க்குப் போகலாம். காற்றில் ப்ரொப்பெல்லரின் சுமை கொஞ்சம் இளகும், எனவே தரையில் கண்டதுதான் மோசமான எண். முதல் பறப்புக்கு டைமர் நான்கு நிமிடம். இறங்கியதும் மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். சார்ஜர் திரும்ப ஏற்றிய மில்லி ஆம்ப்பியரை எழுதி வையுங்கள். 2,700க்குப் பக்கத்தில் இருந்தால் டைமரை ஆறுக்கு நகர்த்தலாம்.