‘மும்பை ஸ்பிரிட்’ மட்டும் போதாது

2006 ஜூலை 11 சாயங்காலம், வேலை விட்டு வீடு திரும்பும் நேரம். மும்பையின் மேற்கு ரயில் பாதையில் சில நிமிட இடைவெளியில் ஏழு குண்டுகள் வெடித்தன. தாராவிப் பக்கத்து ஸ்டேஷன்களான மாட்டுங்கா ரோடும் மாஹிமும் அதில் சேர்த்தி. 180-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மறுநாள் லோக்கலில் வழக்கமான கூட்டம். ‘மும்பை ஸ்பிரிட்’ என்று டிவியில் புகழ்ந்தார்கள். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று ஏறியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

தாராவி இதற்கு முன்பே பட்ட அடி பெரிது. 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்களில் நகரம் முழுக்கச் சுமார் 900 பேர் இறந்தார்கள். அன்னியர் வைத்த குண்டென்றால் ஊர் ஒன்றுசேர்ந்துவிடும். கல்லெறிந்தவன் அடுத்த சந்துக்காரன் என்றால் பயம் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்போது தாராவிக்காரர்களான பாவு கோர்டேயும் வகார் கானும் அமைதிக் குழுக்களில் சேர்ந்து உழைத்தார்கள். நான்கு சிறுவர்கள் நான்கு மதக் கோலத்தில் நிற்கும் வகார் கானின் போஸ்டர் அப்படிப் பிறந்ததுதான். மனநலத்துக்கு அதுவும் மருந்துதான் என்பேன்.

இப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு சில வாரம் தூக்கம் வராது, பட்டாசுச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும், காரணமில்லாமல் கோபம் வரும். பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடும். அதற்குள், “என்ன பார்த்தே, சொல்லு” என்று கிளறாதீர்கள். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தருவதும் தப்பு. சாப்பாடு கொடுங்கள், ஊருக்குப் போன் போட்டுக் கொடுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சியே கண்ணில் வந்தால், வேலைக்குப் போக முடியாவிட்டால், சயான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இலவசம், இரவு பகல் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

“ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ?” என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. அரசுச் செலவில் நடக்கும் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமையும் அதில் உண்டு. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழிசெய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ரயிலிலோ ஸ்டேஷனிலோ குண்டுவெடிப்போ கலவரமோ நடந்தால், டிக்கெட்டோ பாஸோ வைத்திருந்த பயணிக்கு ரயில்வே இழப்பீடு தர வேண்டும். உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். விதிகளின் அட்டவணை கை, கால், எலும்பு என்று நீள்கிறது. மனக்காயத்துக்கு அதில் தனி வரி இல்லை. இது சட்டத்தின் குறைதான். அதனால்தான் தூக்கமின்மை, பதற்றம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி கேஸ் பேப்பரில் எழுதி வாங்குவது முக்கியம். தெருக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம்.

வழக்குகள் இழுக்கும். 2006 குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. அதன்மேல் அப்பீல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தொன்பது வருஷம் கழித்து வரும் அப்படியொரு செய்தியும் பழைய காயத்தைக் கீறும். வீட்டில் யாராவது இன்னமும் ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருந்தால், 14416-ஐ நீங்களே போட்டு போனை அவர் கையில் கொடுங்கள்.