சாக்கடை யாருக்குச் சொந்தம்?

ஆம்பூரான் தன் ஊர்ப் பெருமை பேசத் தொடங்கினால், தோலைத்தான் முதலில் சொல்வான். கடல் கடந்த சீமையிலே சீமான் காலில் பளபளக்கும் பாதுகை, நம் தொழிலாளியின் கைவண்ணம்! மறுப்பார் இல்லை. ஆனால் தோழர்களே, அந்தத் தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று? அதைக் கேட்கிறோம் நாம்.

உப்பிலே ஊறி வருகிறது பச்சைத் தோல். முடி களையச் சுண்ணாம்பும் சல்பைடும், பதனிடக் குரோமிய உப்பும் சேருகின்றன. ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் நீர் வேண்டும். அத்தனையும் கழிவாகிக் கால்வாய்க்கும் பாலாற்றுக்கும் போயிற்று. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், முழுதாகவோ பாதியாகவோ, பயிருக்கு ஆகாமற் போனதென்று 1996-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்தது.

சட்டம் இல்லையா? உண்டு! 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 24-ஆவது பிரிவு சொல்கிறது: நச்சுக் கழிவை ஓடையிலே விடாதே, கிணற்றிலே விடாதே, நிலத்திலே விடாதே, சாக்கடையிலும் விடாதே! ஆம், சாக்கடையிலும்தான். ஊராரின் வரிப்பணத்தில் கட்டிய சாக்கடை, ஊரார் குளித்த நீருக்கு. முதலாளியின் தொட்டிக்கு அல்ல. வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது நுண்ணுயிர். அதன்மேல் குரோமியத்தைக் கொட்டினால் அது சோர்ந்து சாகும். உப்பையோ எந்த நுண்ணுயிரும் தின்னாது. வந்தபடியே ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

1996 ஆகஸ்டு 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே, 'கெடுத்தவனே கொடுக்க வேண்டும்' என்ற நெறி நாட்டின் சட்டமாயிற்று. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு விதித்த இழப்பீடு ரூ. 26.82 கோடி. வகுத்துப் பாருங்கள்! ஏழாண்டு இழப்புக்குத் தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம்! அதுவும் எல்லோர் கைக்கும் எட்டியதா? 2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் ஆணையிட நேர்ந்தது: ஆறே வாரத்தில் கொடு, கெடுத்தவனிடம் வசூல் செய் என்று. தீர்ப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்! பாலகன் தகப்பனாகிவிடும் காலம்!

"கண்டிப்புக் காட்டினால் ஆலை மூடும், உன் வேலை போகும்" என்று மிரட்டுவார் உண்டு. மிரளாதீர்! வேலையா, தண்ணீரா என்று தொழிலாளியை ஏன் கேட்கிறாய்? தோல் விலை, கூலி, கப்பல் சத்தம் எல்லாம் கணக்கில் ஏறும்போது, கழிவைச் சுத்தம் செய்யும் செலவும் ஏறட்டுமே! அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், அதை உழவன் கிணற்றால் கட்டுகிறான். உழைப்பாளி உயிரால் கட்டுகிறான். 2015 ஜனவரி 31 மறந்துவிட்டதா? இராணிப்பேட்டை சிப்காட்டிலே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அயர்ந்து தூங்கியவர்கள்மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வங்கத்திலிருந்து வந்த ஏழைகள் அவர்களிலே பலர்!

ஆகவே தோழர்களே, நகராட்சியைக் கேளுங்கள்: ஆலைக் கழிவுக்கு வேறு குழாய், வீட்டுக் கழிவுக்கு வேறு குழாய் உண்டா? கால்வாயிலே எவன் குழாய் வந்து சேருகிறது என்ற வரைபடம் உண்டா? மழை நாளில் வெள்ளத்தோடு கலந்துவிடும் கழிவைப் பிடிக்க ஆள் உண்டா? அடைப்பெடுக்க மனிதனை இறக்காமல் இயந்திரம் உண்டா?

பதில் வரும்வரை கேளுங்கள். சாக்கடை நம்முடையது; கேட்கும் உரிமையும் நம்முடையதே!